கலமோராவின் ஆறு கடலில் எழுந்த கதை

அந்தக் காலத்தில், ஆறும் பேசும், ஆற்றில் நெளிகிற விலாங்கும் பேசும், மனிதனும் நின்று காது கொடுத்துக் கேட்பான் என்றிருந்த நாளில், இத்தாலி தேசத்தின் தென்கரையில் கலமோரா என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊர் இப்போதும் இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போவது பழைய கலமோராவை, அதன் நடுவே ஆறு ஓடிக்கொண்டிருந்த காலத்தை. இன்றைக்குப் போய் அந்த ஆற்றைத் தேடாதீர்கள், கிடைக்காது.

ஊர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை மலை, முன்னால் கடல், இரண்டுக்கும் நடுவே பாய் விரித்தாற்போலக் கொஞ்சம் நிலம். அதில்தான் வீடுகள், கோவில், எலுமிச்சைத் தோப்பு, வலை காயப்போடுகிற மணல் எல்லாம். மலை இரண்டு பக்கமும் கடலுக்குள் கை நீட்டி ஒரு சிறு குடாவை அணைத்துக்கொண்டிருந்தது. குடாவில் நிற்கும் படகில் ஒருவன் தும்மினால் மலை உச்சியில் ஆடு மேய்ப்பவன் காதில் விழும். பாறைச் சுவர் சத்தத்தை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

ஆறு மலையிலிருந்த ஒரு குகை வாயிலிருந்து புறப்பட்டு, ஊருக்குள் இறங்கி, கடலில் விழுந்தது. நடுக்கோடையிலும் பல் கூசுகிற குளிர்ச்சி. அந்தக் கரை நெடுகப் பாறையும் உவர் மண்ணும்தான். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கப்பல்காரர்கள் கலமோராவுக்குத்தான் வந்தாக வேண்டும். உப்பு வியாபாரி வந்தான், யாத்திரை போகிறவன் வந்தான், கொள்ளைக்காரனும் வந்தான்.

மற்றவர்கள் பீப்பாயை நிரப்பிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். கொள்ளைக்காரனுக்கு அது போதாது. அவன் கப்பல் பாதி காற்றில் ஓடும், பாதி மனிதக் கைகளில் ஓடும். ஆட்களைப் பலகையோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டித் துடுப்பு வலிக்க வைப்பான். ஒருவன் செத்து விழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வேண்டும். அதற்கு அவன் செய்த தந்திரம் இருக்கிறதே, நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முன்பு பிடித்துப்போனவர்களில் அந்தக் கரையோரப் பேச்சுத் தெரிந்தவனாகப் பார்த்து நிறுத்தி, "தண்ணீர் கேட்டுக் கூப்பிடு" என்பான். முதுகுக்குப் பின்னால் சவுக்கு நிற்கும்போது கூப்பிடாமல் என்ன செய்வது? நம் பேச்சுப் பேசுகிறவன் தாகத்தில் தவிக்கிறான் என்று நம்பி ஊர்க்காரன் குடத்தோடு ஓடுவான். அவ்வளவுதான், கொள்ளைக்காரன் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

அசுந்தாவின் மகன் சவேரியோ அப்படித்தான் போனான்.

அசுந்தா கணவனை இழந்தவள். நெத்திலியை உப்பில் அடுக்கிப் பதப்படுத்தி விற்றுப் பிழைத்தாள். ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் வீடு. சவேரியோ அவளுக்கு ஒரே பிள்ளை, அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. வாய் ஓயாதவன். மீன் பிடித்துத் திரும்பும்போது குடா திரும்பும் இடத்திலேயே, "அம்மா, சவேரியோ வந்துட்டேன்" என்று கத்துவான். வேறு யார் வருவார்கள், ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று அவள் திட்டுவாள். மறுநாளும் கத்துவான்.

ஒரு காலை, குடாவின் மேற்கு முனைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கேட்டு ஒரு குரல் வந்தது. சவேரியோ குடத்தைத் தூக்கிக்கொண்டான்.

"போகாதடா. எனக்கு மனசு சரியில்லை," என்றாள் அசுந்தா.

"ரெண்டு வாய் தண்ணிதானேம்மா. இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். முனைக்குப் பின்னால் கொள்ளைக்காரர்களின் படகு ஒதுங்கியிருந்தது. ஊர் திரண்டு ஓடியபோது கடலில் பாய்மரம் மட்டும்தான் தெரிந்தது. அசுந்தா இடுப்பளவு தண்ணீரில் நின்று அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஊர் கூடியது. ஊர்த்தலைவன் தொனாத்தோ நல்லவன்தான். அவன் தம்பியையும் கடல்தான் கொண்டு போயிருந்தது. அவன் சொன்னான்: "இந்தக் கப்பல் எல்லாம் நம்மளைத் தேடி வரலை, ஆத்தைத் தேடி வருது. ஆறு இல்லைன்னா எவனும் வரமாட்டான். வாங்க, அதுகிட்டயே கேட்போம்."

எல்லோரும் மலையேறிக் குகை வாயிலில் போய் நின்றார்கள். எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற நீ ஒளிந்துகொள்ள வேண்டும் என்றான் தொனாத்தோ.

ஆறு கேட்டது: "நான் ஒளிஞ்சுக்கிட்டா நீங்க எதைக் குடிப்பீங்க?"

"தொட்டி கட்டி மழைத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்குவோம்."

"எலுமிச்சை மரமெல்லாம் பட்டுப்போகுமே."

"மரம் இல்லாம இருந்துக்கலாம்," என்றாள் அசுந்தா. "பிள்ளை இல்லாம எப்படி இருக்கறது?"

ஆறு சொன்னது: "கொடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்கு இல்லை. நீங்களாத் திருப்பிக் கொடுத்தா வாங்கிக்குவேன். வீட்டுக்கு ஒரு குடம் என்னை மொண்டு வந்து இந்தக் குகைக்குள்ள ஊத்துங்க. ஒரு வீடு ஊத்தலைன்னாலும் நான் ஓடிக்கிட்டே இருப்பேன். எல்லா வீடும் ஊத்திட்டா மலைக்குள்ள போயிடுவேன். போனா இந்த வழியாத் திரும்பி வரமாட்டேன். நல்லா யோசிச்சுக்கங்க."

அசுந்தா யோசிக்கவில்லை. முதல் குடம் அவளுடையது. அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் ஊற்றின. எலுமிச்சைத் தோப்புக்காரன் ஒருவன் மட்டும் குடத்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அசுந்தா அவன் வீட்டுக்குப் போனாள். "உனக்கு மரம் போகும். எனக்கு என்ன போச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு குடத்தைத் தூக்கினான்.

கடைசிக் குடம் ஊற்றியதும் ஊர் நடுவே ஓடிய தண்ணீர் மெலிந்தது. கல்லுக்குக் கல் ஈரம் இறங்கியது. குகைக்குள்ளே தூரத்தில் சலசலப்புக் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ஆற்றில் இருந்த மீன்கள் துடித்துச் செத்தன. விலாங்கு மட்டும் ஆற்றோடு மலைக்குள் போய்விட்டது. அது ஆற்றிலும் வாழும், கடலிலும் வாழும். பாறை இடுக்குகளில் நெளிந்து நெளிந்து, மலைக்கு அடியில் கடலுக்கு ஒரு வழியைக் கண்டுபிடித்து, இங்குமங்கும் போய் வந்துகொண்டிருந்தது.

ஆறு போன பிறகு கீழே என்ன இருக்கிறது? ஊர் மலை உச்சிக்கு ஏறியது. கல் சுவர் எழுப்பி, அதற்குள் வீடும் மழைத்தண்ணீர்த் தொட்டியும் கட்டிக்கொண்டார்கள். ஏறி வர ஒற்றையடிப் பாதை. எவனாவது ஏறினால் மேலிருந்து பாறையை உருட்டிவிடலாம். கப்பல்கள் வந்தன, காய்ந்த கூழாங்கல்லைப் பார்த்துச் சபித்துவிட்டுப் போயின. ஊரில் யாரும் பிடிபடவில்லை. தொனாத்தோ சொன்னது சரியாகத்தான் போயிற்று.

ஆனால் உப்பு வியாபாரியும் வறண்ட வாயோடுதான் திரும்பினான். யாத்திரைக் கப்பல் ஒன்று வந்தபோது அதில் குழந்தைகள் அழுதது மலை உச்சிவரை நன்றாகக் கேட்டது. பெண்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்போதுதான் தொனாத்தோ ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தான். தண்ணீர் கேட்பவன் முதலில் தன் பெயர், தகப்பன் பெயர், வீடு எல்லாம் சொல்ல வேண்டும். நம்மைச் சேர்ந்தவன் என்று தெரிந்தால் கயிற்றில் குடத்தை இறக்கலாம். தெரியாவிட்டால் இல்லை. ஊர் ஒத்துக்கொண்டது. அசுந்தாவும் ஒத்துக்கொண்டாள்.

வருடங்கள் போயின. ஒரு கோடையில் காற்று அடியோடு விழுந்துவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கொள்ளைக் கப்பல் ஒன்று துடுப்பு வலித்து வலித்துக் குடாவுக்குள் வந்து நின்றது. அதற்குமேல் வலிக்க ஆட்களுக்குத் தெம்பில்லை என்பது மேலிருந்தே தெரிந்தது. துடுப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தொங்கின. கொள்ளைக்காரர்களே பாயின் நிழலில் சுருண்டு கிடந்தார்கள்.

ஊர் சுவரோரம் நின்று பார்த்தது. "கிடக்கட்டும். நல்லா வேணும்," என்றான் ஒருவன். யாரும் மறுக்கவில்லை.

அன்று பிற்பகல் ஒரு குரல் எழுந்தது. "தண்ணி. யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க. புண்ணியமாப் போகும்."

கலமோராப் பேச்சு. பக்கத்து ஊர்ப் பேச்சுகூட இல்லை, அதே ஊரின் இழுவை. தாகத்தில் தொண்டை கிழிந்திருந்ததால் கேட்பவன் கிழவனா வாலிபனா என்று சொல்ல முடியவில்லை. அசுந்தாவின் கை தானாகக் குடத்துக்குப் போனது. அவள் பாதையில் இறங்கினாள். தொனாத்தோ பின்னாலேயே ஓடி வந்து, கடலோரப் பாறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அசுந்தா, உன் பையனை எப்படிப் பிடிச்சாங்கன்னு மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே."

"அப்ப முதல்ல பேரைக் கேளு. பேரைச் சொன்னா நானே படகுல வர்றேன்."

அவள் கடலைப் பார்த்து நின்றாள். கப்பல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"யாரு நீ? பேரைச் சொல்லு," என்று கேட்டாள்.

பதில் இல்லை.

"யாரோட மகன்? எந்த வீடு? சொன்னாத் தண்ணி கொண்டு வர்றோம்."

பதில் இல்லை. தொனாத்தோ அவளைப் போகலாம் என்று இழுத்தான். அவள் கையை உதறினாள். அவள் மனசுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"சவேரியோ, நீயாடா?"

"பேரை நீயே எடுத்துக் கொடுத்துட்டியே," என்று தொனாத்தோ தலையில் அடித்துக்கொண்டான். "இனி எவனா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்லுவான்."

அவர்கள் காத்திருந்தார்கள். கப்பலில் சங்கிலி அசைகிற சத்தம் மட்டும் வந்தது. ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்ட குரல்கூட அதற்குப் பிறகு கேட்கவில்லை.

'அவனாக இருந்தால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பானே' என்று அசுந்தா நினைத்தாள். தன் பிள்ளை இல்லை என்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். பொய்க்காரனாக இருந்தால் ஆமாம் என்றிருப்பானே என்று அங்கே நின்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பயந்த மனசுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

மறுநாள் காலை அவள் நெத்திலி அடுக்குவதற்கு உப்புச் சுரண்ட அதே பாறைக்கு வந்தாள். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீருக்குள் விலாங்கு தலையைத் தூக்கிற்று.

"அசுந்தா, நேத்து நீ பேசினது யாரோட தெரியுமா?"

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"நான் கப்பலுக்கு அடியில இருந்தேன். எல்லாம் கேட்டேன்," என்றது விலாங்கு. "கப்பல் தலைவன் அவன்கிட்ட, 'இது உன் ஊருதானே. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. உங்கம்மா தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வருவா. கூட நாலு பேர் வருவாங்க. தண்ணியும் ஆச்சு, ஆளும் ஆச்சு'ன்னான். உன் மகன், பேர் சொல்ல மாட்டேன்னான். அடிச்சாங்க. கடைசியில, தண்ணி மட்டும் கேக்குறேன்னு கேட்டான்."

அசுந்தா குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"உன் குரல் வந்ததும் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பேர் கேட்டப்போ உதட்டைக் கடிச்சுக்கிட்டான். நீ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டியே, அப்போ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டான். நீ திரும்பிப் போனப்புறம் பக்கத்துல இருந்தவன்கிட்ட, 'நல்லவேளை, எங்கம்மா வரலை'ன்னான். இருட்டுறதுக்குள்ள போயிட்டான். அங்கேயே கடல்ல இறக்கிட்டாங்க."

விலாங்கு தண்ணீருக்குள் போய்விட்டது. அதுதான் அது கடைசியாகப் பேசியது. ஒரு தாயிடம் போய் அதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று அதற்குப் பேச்சே வெறுத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த விலாங்கும் பேசியதில்லை.

அசுந்தா அழவில்லை. எழுந்து மலையேறினாள். வெயிலில் கல் கொதித்தது, செருப்பைக்கூடக் கீழேயே விட்டிருந்தாள். குகை வாயிலில் போய் உட்கார்ந்து உள்ளே பார்த்துப் பேசினாள்.

"நான்தான் அசுந்தா. உன்னை முதல்ல திருப்பி ஊத்தினவ."

வெகு ஆழத்திலிருந்து ஆறு பதில் சொன்னது. "தெரியும். திரும்பி வர்றதுக்கு வழி இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே."

"திரும்பி வர வேண்டாம். முன்னால போ. என் பிள்ளை கடலுக்குள்ள தாகத்தோட கிடக்கான். அவனுக்கு இனி எதுவும் கொடுக்க முடியாது, அது எனக்குத் தெரியுது. ஆனா அவனோட பலகையில கட்டிக் கிடந்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே."

"கடலுக்கு அடியில நான் எழுந்தா உங்க ஊருக்கு ஒரு சொட்டுத் தங்காது. எல்லாம் உப்போட போயிடும்."

"போகட்டும்."

"கட்டிக் கிடக்கிறவன் மட்டும் குடிக்க மாட்டான். கட்டி வச்சவனும் குடிப்பான்."

"குடிக்கட்டும்."

"அவன் உன் மகனைக் கொன்னவன், அசுந்தா."

"நானும்தான் கொன்னேன்," என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "குடம் என் இடுப்புல இருந்துச்சு. நிறையத் தண்ணி இருந்துச்சு. நான் பேரைக் கேட்டுக்கிட்டு நின்னேன். அந்தக் கொள்ளைக்காரனுக்குக் கிடையாதுன்னா எனக்கும் கிடையாதுன்னு சொல்லிடு."

மலைக்குள்ளே ஏதோ புரண்டது. அவள் உட்கார்ந்திருந்த பாறை அதிர்ந்தது. விலாங்கு போய் வந்த அந்தச் சின்ன வழியில் ஆறு முழுதும் தன்னை நுழைத்துக்கொண்டது.

குடாவில், சவேரியோவை இறக்கிய இடத்தில், கடல் ஒரு பெரிய வட்டமாக உப்பியது. வட்டத்துக்குள் அலை இல்லை, நுரை இல்லை, வழவழவென்று தண்ணீர் மேலே வந்துகொண்டேயிருந்தது. துடுப்பில் சாய்ந்து கிடந்த ஒருவன் முகத்தில் அது தெறித்தது. அவன் நாக்கை நீட்டிப் பார்த்தான். பிறகு பைத்தியம் பிடித்தவன்போலக் கத்தினான். வாளிகள் இறங்கின. கட்டிக் கிடந்தவர்கள் குடித்தார்கள், கொள்ளைக்காரர்கள் குடித்தார்கள். கப்பல் தலைவன் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அன்று மாலை காற்று எழுந்தது. கப்பல் போய்விட்டது.

தொனாத்தோவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? குகைக்கு ஏறிப்போய்ச் சத்தம் போட்டான். "எங்க பிள்ளைங்களைப் பிடிச்சவனுக்கே தண்ணி கொடுத்துட்டியே, இது நியாயமா?"

"நீங்க என்னை மறையச் சொன்னப்போ நான் யாரையும் விசாரிக்கலை," என்றது ஆறு. "குழந்தைங்க வந்த கப்பலும் வறண்டுதான் போச்சு. அது நியாயமா இருந்துச்சா?" தொனாத்தோ இறங்கி வந்தான். அவன் சுவரோரம் நின்று அந்தக் குழந்தைகளின் அழுகையைக் கேட்டவன்தானே.

பிறகு நடந்தது ஒருவரும் எதிர்பார்க்காதது. கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கின. ஆனால் கொள்ளைக்காரன் ஒருவனும் கரையில் கால் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையே இல்லை. குடாவில் நின்றபடி வாளியை இறக்கினால் நல்ல தண்ணீர். கடலிலேயே தண்ணீர் இருக்கும்போது, தண்ணீர் கேட்டு ஆளை வரவழைக்கிற தந்திரமும் பலிக்காது. மொண்டுகொண்டு போய்க்கொண்டேயிருந்தார்கள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்து, மலை உச்சியை விட்டுக் கீழே இறங்கிக் கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டது. மேலே சுவரும் வெறும் தொட்டிகளும் இடிந்து கிடக்கின்றன, முள்செடி மூடியிருக்கிறது.

அசுந்தா பழைய இடத்திலேயே வீடு போட்டுக்கொண்டாள். தினமும் ஒரு சின்னப் படகில் அந்த வட்டத்துக்குத் துடுப்பு வலித்துப் போவாள். குடத்தை மெதுவாக இறக்கி நிரப்புவாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பாள். அவள் என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. கரைக்கு வந்து, படகிலிருந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொடுப்பாள்.

ஒருநாள் முகமெல்லாம் தழும்பாக ஒருவன் தனியே வந்து இறங்கினான். பார்க்கவே சரியில்லை. தொனாத்தோ தள்ளி நின்று, "அசுந்தா, அவன் யாருன்னு கேட்டியா?" என்றான்.

"குடிச்சுக்கிட்டு இருக்கான்ண்ணே," என்றாள் அவள். தொனாத்தோ தானே போய்க் குடத்தைச் சாய்த்துப் பிடித்தான்.

அப்படித் தொடங்கியதுதான், இன்றுவரை நிற்கவில்லை. இன்றும் கலமோராக் குடாவில் மீனவர்கள் படகிலிருந்து குனிந்து கடலுக்குள் நல்ல தண்ணீர் மொண்டு குடிக்கிறார்கள். கரையில் வந்து இறங்குகிறவன் கையில் முதலில் குவளையைக் கொடுக்கிறார்கள். குடித்து முடித்து அவனாகப் பெயர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று இன்னொரு குவளை ஊற்றுவார்கள்.